மீனம்மாவின் வழக்கைத் தேடிப் போன ஜோர்ஜ் அண்ணன்

இதை எனக்கு முதலில் சொன்னது ஜோர்ஜ் அண்ணனேதான். போன புதன்கிழமை, நான் கோயில் வளவைக் கூட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"தங்கச்சி, நீ நியாயம் தெரிஞ்சவ. நீயே கேட்டுச் சொல்லு, நான் பாவமா இல்லையா?"

நியாயம் கேட்க வந்தவர் பாதியைத்தான் சொன்னார். மீதியை அவருடைய மனைவி மார்கிரட் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், இரண்டு தரப்பையும் கேட்பதுதானே முறை.

ஜோர்ஜ் அண்ணன் மஸ்கெலியாவில் முப்பது வருஷம் லொறி ஓட்டினவர். இப்போது லொறி இல்லை. ஹோர்ன் மட்டும் தொண்டையிலேயே தங்கிவிட்டது. அவர் வீட்டில் "தேத்தண்ணி!" என்று கேட்டால் எங்கள் வீட்டில் நான் அடுப்பை மூட்டுவேன்.

அவர்களுடைய மகள் ஷெரோமி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கந்தப்பளையிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜூட்சன், தபால் கந்தோரில் வேலை. நல்ல பிள்ளை. பீடி சிகரெட் கிடையாது. ஷெரோமிக்கும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு விஷயம்தான். பையன் சின்னவனாக இருக்கும்போதே தாயும் தகப்பனும் கோட்டுக்குப் போய் விவாகரத்து எடுத்துக்கொண்டார்கள். தாய் மீனம்மா தனியாகக் கொழுந்து பறித்து மகனை ஆளாக்கினவர்.

இது காதில் விழுந்த சனிக்கிழமை மாலையே ஜோர்ஜ் அண்ணன் தீர்மானம் போட்டுவிட்டார்.

"கோட்டுப் படி ஏறின குடும்பத்துல என் மகளைக் குடுக்க மாட்டேன்!"

"சரிங்க," என்றார் மார்கிரட் அக்கா.

"என்ன சரி?"

"நீங்க சொன்னது சரி."

"அப்ப ஏன் சிரிக்கிற?"

"சிரிக்கலங்க. செபமாலை சொல்றேன்."

மார்கிரட் அக்காவுக்கு இது ஒரு வழக்கம். பதில் சொல்ல விருப்பமில்லாத நேரமெல்லாம் செபமாலை கைக்கு வந்துவிடும். நானும் தினமும் செபமாலை சொல்கிறவள்தான். அதில் இப்படி ஒரு உபயோகம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அவர் விடவில்லை. "குத்தம் யாரு மேலன்னு கோட்டுல எழுதியிருப்பாங்க. அந்தத் தீர்ப்புக் கடதாசியை நான் என் கண்ணால பார்க்கணும். தாய் மேல குத்தம் இருந்துச்சுன்னா, இந்தப் பேச்சு இத்தோட சரி."

"உள்ள ஷெரோமி அழுவுறா."

"அழட்டும். விசாரணை முடியட்டும்."

"மீனம்மாகிட்டயே கேட்டா என்ன?"

"கேட்டா யாரு உண்மையைச் சொல்லுவா? முப்பது வருஷம் ரோட்டுல கிடந்தவன் நான். என்னை ஒருத்தரும் ஏமாத்த முடியாது."

"முடியாதுங்க."

"எங்க போய்ப் பார்க்கணும், அதைச் சொல்லு."

மார்கிரட் அக்கா செபமாலையில் மூன்று மணி உருட்டும் வரை யோசித்தார்.

"ஹட்டன் கோட்டுக்குப் போங்க. பழைய வழக்கெல்லாம் வைக்கிற அறை ஒண்ணு இருக்கு. ரெண்டாயிரத்து ஒண்ணாம் வருஷத்துப் பேர்ப் புத்தகத்தைக் கேளுங்க. 'ம' எழுத்துல பாருங்க."

"உனக்கு எப்படி இவ்வளவும் தெரியும்?"

"பொம்பளைங்க காதுல எல்லாம் விழுமுங்க."

அவருக்குத் திருப்தி. பெண்கள் பேசினால் ஊர்வம்பு, அதையே ஆண்பிள்ளை போய்ப் பார்த்தால் விசாரணை என்பது அவருடைய கொள்கை.

திங்கட்கிழமை காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு புறப்பட்டார். கையில் ஒரு பைல் கவர். உள்ளே ஒன்றுமில்லை. பைல் இல்லாமல் போனால் கந்தோரில் மதிக்க மாட்டார்களாம். வாசலில் மார்கிரட் அக்கா கூப்பிட்டார்.

"அடையாள அட்டையை எடுத்துக்கிட்டீங்களா?"

"அடுத்தவங்க வழக்குக்கு என் அட்டை எதுக்கு?"

"இருக்கட்டுங்க. தேவைப்படும்."

கோட்டுக்கு முன்னால் பைஸர் நானாவின் கடை. போட்டோக் கொப்பி எடுப்பார், சிங்களத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். ஜோர்ஜ் அண்ணன் சிங்களம் பேசுவார், படிக்கத் தெரியாது. நானாவையும் கூட்டிக்கொண்டே உள்ளே போனார்.

பதிவேட்டு அறையில் பிரியந்தி என்று ஒரு மிஸ். படிவத்தை எடுத்து, பேனையைத் திறந்து, நன்றாகத் தமிழிலேயே கேட்டார்.

"நீங்க வழக்காளியா ஐயா, எதிராளியா?"

"ரெண்டும் இல்ல மிஸ். பொண்ணைப் பெத்த தகப்பன்."

"அப்படி ஒரு கட்டம் இந்தப் படிவத்துல இல்லையே."

"ஒரு கட்டம் போட்டுக்கங்க மிஸ். நாட்டுல எங்களை மாதிரி நிறையப் பேர் இருக்கோம்."

"வெளி ஆளுக்குப் பிரதி தர முடியாது ஐயா. வழக்குக்காரர் வரணும், இல்லாட்டி அவங்க வக்கீல் வரணும். பேர் இருக்கா இல்லையான்னு மட்டும் வேணும்னா பார்க்கிறேன். பொட்டக் இன்ன, கொஞ்சம் இருங்க."

அந்த மிஸ் உள்ளே போய், தலையணை மாதிரி ஒரு புத்தகத்தைத் தூக்கி வந்து மேசையில் போட்டார். தூசி பறந்தது. விரலால் வரிசையாகத் தேடினார்.

"மீனம்மா இல்ல ஐயா."

"நல்லாப் பாருங்க மிஸ். 'ம' எழுத்து."

பைஸர் நானா குறுக்கே கேட்டார். "ஆள் எந்த ஊர் அண்ணே?"

"கந்தப்பளை."

"கந்தப்பளை வழக்கு நுவரெலியா கோட்டுக்குல்ல போகும்?"

"என் வீட்டுக்காரி ஹட்டன்னுதான் சொன்னா."

"வீட்டுக்காரி சொன்னா சரியாத்தான் இருக்கும். குடுங்க மிஸ், நானும் ஒருக்காப் பார்க்கிறேன்." நானா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "மல்லிகா... மங்களேஸ்வரி... மார்கிரட். வழக்காளி மார்கிரட், எதிராளி ஜோர்ஜ், லொறி சாரதி, மஸ்கெலியா..." நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஏண்ணே, உங்க பேருல இன்னொரு லொறி டிரைவர் மஸ்கெலியாவுல இருந்தாரா?"

"ஏது? அந்தக் காலத்துல ஜோர்ஜ்னா நான் ஒருத்தன்தான்!"

மார்பை நிமிர்த்தித்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அர்த்தம் உள்ளே இறங்கியது.

பிரியந்தி மிஸ் அடையாள அட்டையைக் கேட்டார். அட்டையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, மீனம்மா வழக்குன்னா நான் ஒண்ணும் தர முடியாது. இது உங்க வழக்கு. இதுக்குத் தாராளமாப் பிரதி எடுக்கலாம். கட்டத்துல எதிராளின்னு போடுங்க."

அன்று பின்னேரமே பிரதி கையில் கிடைத்தது. பைல் கவருக்குள் ஒருவழியாக ஒரு கடதாசி வந்தது. நானா தன் கடையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"ஒன்று, எதிராளி வீட்டை விட்டுப் போனால் வருவதில்லை. இரண்டு, வந்தால் பேசுவதில்லை. மூன்று, பேசினால் அடுத்த லயத்து வீடுகளுக்குக் கேட்கிறது. நான்கு, ஏழு வருஷமாகக் கூரை ஒழுகுகிறது. கேட்டால் நாளைக்கு என்கிறார்."

"அநியாயம்! என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? கூரையை நான் செஞ்சு குடுத்துட்டேன் நானா!"

"கத்தாதீங்க அண்ணே. மூணாவது குத்தம் ரோட்டுக்கே கேக்குது."

கடைசித் தாளில் இரண்டே வரி. குறித்த தவணையில் வழக்காளி சமுகமளிக்கவில்லை. வழக்கு தள்ளுபடி.

திரும்பி வரும் பஸ்ஸில் யன்னல் சீட் கிடைத்தது. நோர்வூட் எப்போது வந்தது, எப்போது போனது என்று அவருக்குத் தெரியாது. யாரைப் பார்த்தும் அவர் பேசவில்லை. பஸ்காரர்களுக்கு அது ஒரு அதிசயம்.

வீட்டில் மார்கிரட் அக்கா கறிக்குப் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தார்.

"கிடைச்சுதாங்க?"

கடதாசியைப் போஞ்சிக்கு மேலேயே வைத்தார்.

"என் மேல விவாகரத்து வழக்குப் போட்டியா?"

"போட்டேன்."

"எனக்குத் தெரியாமலா?"

"வீட்டுல இருந்தாத்தானே தெரியும். அந்த மாசம் பத்தொன்பது நாள் நீங்க வீட்டுப் பக்கமே வரல. சிநேகிதக்காரங்க, சீட்டு விளையாட்டு. புள்ளைக்கு நாலு வயசு. மேல இருந்து தண்ணி, கீழ சட்டி. நான் யாருகிட்டச் சொல்ல?"

"அப்ப தவணைக்கு ஏன் போகல?"

"போகத்தான் சேலை கட்டினேன். புள்ளைக்கும் சப்பாத்து மாட்டியாச்சு. வாசலுக்கு வந்தா, நீங்க ஏணி மேல நிக்கிறீங்க. கையில புதுத் தகரம். 'ஏய், ஏணியைப் பிடி'ன்னீங்க."

"பிடிச்சியா?"

"பிடிக்காம? விட்டா விழுந்துடுவீங்க. பின்னேரம் வரைக்கும் பிடிச்சேன். ஹட்டன் பஸ் ரெண்டும் போயிடுச்சு."

"வேற நாள் போய் மறுபடி போட்டிருக்கலாமே."

"அதுக்கப்புறம் கூரை ஒழுகலங்க. நாலாவது குத்தம் போயிடுச்சு. மத்த மூணுக்காக மட்டும் வக்கீலைப் பார்க்க மனசு வரல."

இந்த இடத்தைச் சொல்லும்போது ஜோர்ஜ் அண்ணன் என் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கினார். நான் கூட்டி முடித்த இடத்தையே இரண்டு தரம் கூட்டினார்.

ஆனால் அவர் லேசில் விழுகிற ஆளா? அன்று அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்திருக்கிறது.

"ஏய், மீனம்மா வழக்கு ஹட்டன்லயே இல்லையாமே! நுவரெலியாவாமே! நீ என்னை ஏமாத்தித்தானே அனுப்பின?"

"மீனம்மா வழக்கு எங்க நடந்துச்சுன்னு நீங்க கேக்கலையே. எங்க போய்ப் பார்க்கணும்னு கேட்டீங்க. நீங்க போய்ப் பார்க்க வேண்டிய இடத்தைச் சொன்னேன்."

இது பொய்யில் சேருமா என்று நான் முழங்காலில் நின்று யோசித்தேன். பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுபோகிற அளவுக்கு இல்லை என்றுதான் படுகிறது.

அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெல்லிய குரலில் சொன்னார்.

"சரி. நடந்தது நடந்துச்சு. சம்பந்தியம்மா காதுல மட்டும் இது விழ வேணாம். மரியாதை போயிடும்."

"சம்பந்தியம்மான்னே சொல்லிட்டீங்களா? சந்தோஷங்க." மார்கிரட் அக்கா அடுத்த போஞ்சியை எடுத்தார். "அவங்ககிட்ட நான் போன மாசமே எல்லாத்தையும் சொல்லிட்டேன். மறைச்சு வச்சுக் கல்யாணம் பேசலாமா? பாவம், ரெண்டு நாள் யோசிச்சாங்க."

"எதை?"

"கோட்டுப் படி ஏறின குடும்பத்துல பொண்ணு எடுக்கலாமான்னு."

ஜோர்ஜ் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. மஸ்கெலியாக் குளிரில். "அப்புறம்? என்ன சொன்னாங்க? சரின்னாங்களா?"

"தள்ளுபடியான வழக்குத்தானே, பரவாயில்லன்னாங்க. பெரிய மனசு அவங்களுக்கு."

அந்தப் பெரிய மனசு மாறுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பங்குச் சாமியார் வீட்டுக் கதவைத் தட்டினார். குடும்பத் தலைவர் இல்லையா, அதற்குத் தகுந்த மாதிரி நின்று சொன்னார்.

"சாமி, நல்லா விசாரிச்சுப் பார்த்துட்டேன். எனக்குப் பூரண சம்மதம். ஷெரோமிக்கும் ஜூட்சனுக்கும் வர்ற ஞாயித்துக்கிழமை பூசையில முதல் கல்யாண ஓலையை வாசிச்சு அறிவிச்சுடுங்க."

சாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல் ஓலையா? அதை முந்தாநாள் பூசையிலயே வாசிச்சாச்சே ஜோர்ஜ். வர்ற கிழமை ரெண்டாவது ஓலை. மார்கிரட் உங்க கிட்டச் சொல்லலையா? பூசை முடிஞ்சு எல்லாரும் உங்களுக்குக் கை குடுத்தாங்களே!"

"அதுவா சாமி? என்னைக் கோயில் சபைத் தலைவராப் போடப் போறாங்கன்னு நினைச்சேன்."

நானும் அன்றைக்குப் பூசையில் இருந்தேன். ஓலை வாசித்தபோது அவர் நல்ல தூக்கம். மார்கிரட் அக்கா அவர் தலையைத் தன் பக்கம் சாய்த்துத் தோள் கொடுத்திருந்தார். எழுப்பவில்லை.

கல்யாணம் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை. எங்கள் கோயில் கிடாரம் அடியில் ஓட்டை. உங்கள் வீட்டில் பெரிய சோற்றுக் கிடாரம் ஒன்று இருந்தால் இரண்டு நாளைக்கு இரவல் கொடுங்கள், கழுவிப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.