விசாரணைக்கு வந்தவருக்கு ரோஜா மாலை

மைக் கையில் கிடைத்தால் என் மூளை விடுமுறை எடுத்துக்கொள்ளும். ஈப்போவில் இந்த நோய் எனக்கு மட்டும் இல்லை. ஆனால் எனக்குக் கொஞ்சம் முற்றிய நிலை. வார நாட்களில் காப்புறுதிக் கம்பெனியில் வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளுக்கு அறிவிப்பாளர். "மணமக்களை வரவேற்க எழுந்து நில்லுங்கள்" என்று நான் சொன்னால் பரிமாறுகிறவர்கள்கூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்கள். (அப்படித்தான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.)

அந்தத் திமிரோடுதான் நாடாளுமன்றக் குழு எங்கள் சிலிபின் வட்டாரத்துக்கு வந்த அன்றும் மைக்கைப் பிடித்தேன்.

போலீசும் நீதித்துறையும் அரசாங்க இலாகாக்களும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் குழு அது. கோலாலம்பூரில் உட்கார்ந்து அறிக்கை படித்தால் போதாதென்று, ஊர் ஊராக வந்து மக்களிடமே கேட்டார்கள். எங்கள் மண்டபத்தில் பேச வேண்டியவர்களில் முதல் ஆள் என் அக்கா ஸ்டெல்லா.

மச்சான் தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். சித்தியவான் பக்கம் சாலைத் தடுப்பில் அவரை நிறுத்தி, தேடிக்கொண்டிருந்த வேறு யாரோ என்று நினைத்து அழைத்துப் போய்விட்டார்கள். அக்கா ஸ்டேசன் வாசலில் போய் நின்றாள். "அப்படி ஒருத்தர் இங்கே இல்லை" என்றார்கள். இரண்டு இரவு கழித்து அதே வாசல் வழியாகத்தான் மச்சான் வெளியே வந்தார். ஆள் உயிரோடு வந்தாரே, அது போதும் என்று நாங்கள் எல்லாரும் அடங்கிவிட்டோம். அக்கா அடங்கவில்லை. "உள்ள வச்சிக்கிட்டே ஏன் இல்லன்னு சொன்னாங்க?" இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறாத அலுவலகம் இல்லை. இப்போது அதைக் குழுவின் முன்னால் கேட்கப் பத்து நிமிடம் கிடைத்திருந்தது.

என் வேலை, மலாய் சரளமாக வராதவர்களுக்கு மொழிபெயர்ப்பது. அவ்வளவுதான். குழு அலுவலகத்திலிருந்து போன் செய்து, "வரவேற்பு, மாலை, உரை எதுவும் வேண்டாம்" என்றும் சொல்லியிருந்தார்கள். நம் ஆட்களில் யார் முதல் தடவையிலேயே சரி என்றிருக்கிறார்கள்? கோப்பி வேண்டுமா என்றால்கூட வேண்டாம் என்றுதான் ஆரம்பிப்போம். பெரிய மனிதர்கள் அடக்கமாகச் சொல்கிறார்கள், அதற்காக நாம் விட்டுவிட முடியுமா? லிட்டில் இந்தியாவுக்குப் போய் சரிகை சுற்றிய ரோஜா மாலை ஒன்று வாங்கினேன். முழங்கால் வரை தொங்கும். மாப்பிள்ளைக்கே அதிகம்.

அன்று காலை மண்டபத்துக்கு முதலில் வந்தது முதுகுப்பையும் தலையைச் சுற்றிய தூடோங் முக்காடுமாக ஒரு குள்ளமான மலாய் அம்மா. "அக்கா, கொஞ்சம் அந்த நாற்காலிகளை வரிசையாப் போடுறீங்களா?" என்று மலாயில் கேட்டேன். பேசாமல் போட்டார். நேராகவும் போட்டார்.

பிறகு பூப்போட்ட பாத்தேக் சட்டையில் உயரமான ஒருவர் வந்தார். இரண்டு பேர் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்கள். எனக்கு அது போதாதா? "இதோ! நீதியின் காவலர்! நம் அன்புக்குரிய தலைவர்! பலத்த கரவொலி!" என்று முழங்கிக்கொண்டே போய் மாலையைப் போட்டுவிட்டேன். அவர் இரண்டு கைகளையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று பதறினார். (எவ்வளவு அடக்கம் பாருங்கள்!)

கைதட்டல் வரவில்லை. அக்கா வந்தாள்.

"டேய், கிறுக்கா! அவரு தலைவர் இல்லடா! அந்த ஸ்டேசனுக்கெல்லாம் மேல உள்ள போலீஸ் பெரியவரு. நம்ம கேக்குறதுக்குப் பதில் சொல்ல வரச் சொல்லியிருக்காங்க!"

தலைவர் யார் என்று திரும்பிப் பார்த்தேன். நாற்காலி போட்ட அம்மா நடு நாற்காலியில் உட்கார்ந்து முதுகுப்பையைத் திறந்துகொண்டிருந்தார். பூமி பிளக்கவில்லை. அது ஒருநாளும் சமயத்துக்குப் பிளக்காது.

அவமானம் என்னோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பின்வரிசையில் மணியம் அண்ணே எழுந்தார். மகனை லாக்கப்பில் அடித்தார்கள் என்று சொல்ல காம்பாரிலிருந்து வந்திருந்தவர். "எல்லாம் முன்னாடியே பேசி வச்சிட்டாங்கலா. மாலை வேற போடுறானுங்க. வாங்க, போலாம்." அவரோடு ஒரு வரிசையே எழுந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஸ்டேசன் வாசலில் நின்றபோதுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

போலீஸ் பெரியவர் மாலையைக் கழற்றப் பார்த்தார். சரிகை நூல் அவர் மூக்குக்கண்ணாடியிலும் பெயர் அட்டையிலும் மாட்டிக்கொண்டது. நான் உதவிக்குப் போய் இன்னொரு சுற்று சிக்கலாக்கினேன்.

"விடுங்கள், பிறகு பார்க்கலாம்," என்றார் தலைவர் அம்மா மலாயில். "முதல் ஆள் பேசட்டும்."

நிலைமையைச் சரிக்கட்ட நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். அக்கா அதைப் பிடுங்கினாள். "நீ உக்காரு." பிறகு வெளியே போகிறவர்களைப் பார்த்து, "அண்ணே, நான் பேசுறத மட்டும் கேட்டுட்டுப் போங்க. அவன் என் தம்பிதான், அறிவு கொஞ்சம் கம்மி," என்றாள். யாரும் மறுக்கவில்லை. உட்கார்ந்தார்கள்.

அக்காவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அழவில்லை, கத்தவில்லை. நடந்ததை மலாயில் நிதானமாகச் சொல்லிவிட்டு நேராக அந்தப் போலீஸ் பெரியவரிடமே கேட்டாள்: "துவான், என் வீட்டுக்காரர் அந்த ரெண்டு ராத்திரியும் உள்ள இருந்தாரா, இல்லையா?"

அவர் நடைமுறைகளைப் பற்றி நீளமாக ஆரம்பித்தார். ரோஜா இதழ்கள் ஒவ்வொன்றாக அவர் மடியில் உதிர்ந்தன. கல்யாண மேடையில் பெண் வராமல் தனியாக உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை மாதிரி இருந்தார். தலைவர் அம்மா கையை உயர்த்தினார்.

"இருந்தாரா, இல்லையா?"

"இருந்தார்."

"குடும்பத்துக்கு ஏன் சொல்லவில்லை?"

அவர் மடியில் விழுந்த இதழ்களைத் தட்டிவிட்டார். "சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது தவறு," என்றார்.

அந்த வார்த்தைக்காக என் அக்கா எத்தனை படி ஏறியிருப்பாள்! நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். மச்சான் என் தோளைத் தட்டி, "அழாதலா, மாலைக் காசு வீணாப் போகல," என்றார். அடுத்து மணியம் அண்ணே பேசினார். அதற்கடுத்து அந்த வரிசையே பேசியது.

பிடித்து வைத்திருப்பவரைக் கேட்டு வரும் குடும்பத்திடம் உள்ளதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று குழுவின் அறிக்கை பரிந்துரைத்தது. அதில் அக்காவின் பெயர் இல்லை. எங்களுக்கு அது தேவையும் இல்லை. அது யார் கேட்ட கேள்வி என்றும், அன்று மாலை யார் கழுத்தில் விழுந்தது என்றும் சிலிபினுக்கே தெரியும், ஸ்டேசன்களுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் இப்போது யாராவது நேரான கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பேசினால், "மாலை எடுத்தாரவா?" என்பாள் அக்கா. பரீட்சை மார்க்கை மறைக்கும் பிள்ளைகளிலிருந்து, எங்கே போயிருந்தேன் என்று மழுப்பும் நான் வரை உடனே உண்மையைச் சொல்லிவிடுவோம்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண், மகனைப் பிடித்துப் போய்விட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். அக்கா அவளை ஸ்டேசனுக்குக் கூட்டிப் போனாள். கார் ஓட்ட நானும் போனேன். மகன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டதற்குக் கவுண்டரில் இருந்த இளம் போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார். அக்கா என் பக்கம் திரும்பி, மலாயிலேயே, "தம்பி, பூக்கடை திறந்திருக்கா?" என்றாள்.

"இருக்கார் அக்கா, இருக்கார்," என்று அவர் எழுந்தே விட்டார்.