உஷ் மேஸ்திரியும் மாவு மிஷின் வண்டியும்

சித்தூரில் வாய் உள்ள எல்லோரும் வாழ்நாளில் ஒரு முறையாவது உஷ் மேஸ்திரியிடம் 'உஷ்' வாங்கியிருப்பார்கள். கல்யாண ஊர்வலத்து பேண்டு செட்டு வாங்கியிருக்கிறது. ஓட்டு கேட்டு வந்த மைக்கு ஆட்டோ வாங்கியிருக்கிறது. அவருடைய சொந்தப் பெயர் அவரது ஆதார் அட்டைக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். மனைவிக்கும் சந்தேகம்தான் என்று சொல்லுவார்கள்.

பிள்ளைகளே, அவர் ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக். மற்ற மெக்கானிக்குகள் வண்டியைக் கண்ணால் பார்ப்பார்கள். இவர் காதால் பார்ப்பார். அதற்கு உலகம் முழுக்க அமைதியாக இருக்க வேண்டும். ஆனால் அவர் கடை போட்டிருந்த இடம் வேலூர் ரோடு. மாங்காய் சீசனில் அங்கே டிராக்டர்கள் மாம்பழக்கூழ் தொழிற்சாலை வாசல் வரைக்கும் வரிசை கட்டி நின்று ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு நாளைக்கு இருநூறு தடவை 'உஷ்' சொன்னால் பெயர் வேறு எப்படி வரும்?

அவரிடம் போனால் வண்டியைத் தொட மாட்டார். முதலில் அந்தச் சத்தத்தை நாம் வாயால் செய்து காட்ட வேண்டும். ஒருமுறை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னால் நாலு ஆட்களோடு ஒரு ஊர்ப் பெரியவர் புல்லட்டில் வந்தார்.

"எஞ்சின்ல சத்தம் வருது" என்றார் கம்பீரமாக.

"எப்பிடி வருது?"

"அதான், ஒரு மாதிரியா."

"ஒரு மாதிரின்னு சத்தம் ஏதும் இல்ல பெத்தாயனா. வாயால பண்ணு."

பெரியவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "கடக்கு... கடக்கு..." என்றார்.

"உஷ்! இதுல செயினும் இருக்குது, டேப்பட்டும் இருக்குது. ரெண்டும் கலந்துகினு வருது. வாய மூடிக்கினு மூக்கால பண்ணு."

பெரியவர் மூக்கால் பண்ணினார். கூட வந்த நாலு பேரும் எதிரில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. வண்டிகளுக்குத் தாய்மொழி இருக்கிறது என்பார். தமிழ்நாட்டு நம்பர் வண்டி என்றால், "இன்னாமா, எங்க வலிக்குது?" என்று தமிழில் கேட்பார். ஆந்திரா நம்பர் என்றால், "ஏமைந்தி தல்லி?", என்ன ஆச்சு தாயே என்று தெலுங்கில் கேட்பார். கோலார் பக்கத்திலிருந்து கர்நாடகா வண்டி வந்தால், கர்நாடக எல்லையில் இருக்கும் குப்பம் ஊரிலிருந்து வந்து டீக்கடை போட்டிருந்தவரைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லுவார். அவரும் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு வந்து, சைலன்சரைப் பார்த்துக் கன்னடத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். சிரித்தால் நமக்கு 'உஷ்'.

இப்போது என் வண்டிக்கு வருகிறேன்.

நான் அப்போது மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் டிரம் கழுவும் வேலையில் இருந்தேன். திருப்பதியில் ஒரு புரோக்கரிடம் பழைய வண்டி வாங்கினேன். "சத்தமே வராது சார்" என்றார் புரோக்கர். உண்மைதான், சந்திரகிரி தாண்டும் வரை வரவில்லை. அதற்குப் பிறகு முன் சக்கரத்திலிருந்து 'கிர்ர்ர்... டக், கிர்ர்ர்... டக்' என்று ஆரம்பித்தது. சித்தூர் வரும்போது ரோட்டோர மாடுகள் எழுந்து நின்று வழி விட்டன.

வண்டி வாங்கியதே என் மகள் யமுனாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காகத்தான். அவள் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் வாசலில் போய் நின்றதும் ஒரு பையன் கத்தினான்: "பிண்டி மிஷன் ஒச்சிந்திரோய்!" பிண்டி மிஷன் என்றால் தெலுங்கில் மாவு அரைக்கும் மிஷின். வாசலே சிரித்தது. மறுநாளிலிருந்து அது வண்டியின் பெயராக இல்லை, என் பெண்ணின் பெயராகிவிட்டது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட யாரோ கடைசி பெஞ்சிலிருந்து 'கிர்ர்ர்' என்றார்களாம்.

மூன்றாம் நாள் தெருமுனை வந்ததும் என் முதுகில் தட்டினாள்.

"இங்கியே எறக்கி வுட்டுடு நைனா."

"ஏம்மா? கேட்டு இன்னும் தூரம் இருக்குதே."

"நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு மிஸ்ஸு சொன்னாங்கோ."

இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் வண்டியை எட்டி உதைத்தேன். என் கால்தான் வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் ஏற்றிக்கொண்டு உஷ் மேஸ்திரியிடம் போனேன். சத்தத்தைச் செய்து காட்டினேன்.

"இது சத்தமா? கொறட்ட" என்றார். "சுருதி சேரல. இன்னொரு தபா."

இன்னொரு முறை பண்ணினேன். "உஷ்! நீ வேணாம்" என்றார்.

யமுனா தானாக முன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, "கிர்ர்ர்... டக்" என்றாள். அச்சு அசலாக இருந்தது. டக் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இழுப்பு உண்டு. அதுகூட வந்தது.

மேஸ்திரி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எப்பிடி பாப்பா இவ்ளோ கரெக்டா சொல்ற?"

"தெனம் கேக்கறன் இல்ல மாமா. ஸ்கூல்ல எல்லாரும் இத்தையே சொல்லிக் கூப்புடுறாங்கோ. அதான் மொனையிலியே எறங்கிக்கிறேன்."

மேஸ்திரி சட்டென்று என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்துத்தான் கத்தினார். "சக்கரத்த கழட்டணும், சும்மா நின்னுகினு இருந்தா? புடி!"

சக்கரத்தின் நடுவில் இரண்டு பக்கமும் பேரிங் என்று ஒன்று இருக்கும். வளையத்துக்குள் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். அவை சுகமாக உருண்டால் சக்கரம் சுகமாகச் சுற்றும். எங்கள் வண்டியின் குண்டுகள் எல்லாம் அரைபட்டுக் கிடந்தன. மேஸ்திரி புது பேரிங் போட்டார். சத்தம் போன இடம் தெரியவில்லை. யமுனா வாசலிலேயே போய் இறங்கினாள்.

இருபது நாள் போனது. ஒரு நாள் காலைப் பிரார்த்தனை நடக்கிறது. பள்ளிக்கூடமே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. நாங்கள் கொஞ்சம் லேட்டு. வாசலில் போய் பிரேக் பிடித்தேன். கிர்ர்ர்... டக்! பிரார்த்தனை முழுக்க 'குக்' என்று சிரித்தது.

மேஸ்திரி நம்பவில்லை. அவர் சரி செய்த வண்டி அதே சத்தத்தோடு திரும்பி வந்ததே கிடையாதாம். மட்கார்டு உரசுகிறது என்று மட்கார்டைக் கழற்றினார். அன்று மழை பெய்து ரோடெல்லாம் சேறு. தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் என்னிடம் அடையாள அட்டை கேட்டார். ஸ்பீடோமீட்டர் கேபிள்தான் உரசுகிறது என்று மேஸ்திரி அதையும் கழற்றினார். இரண்டு நாள் நான் எவ்வளவு வேகமாகப் போனாலும் மீட்டரில் பூஜ்யம்தான்.

கடைசியில் என்னை மெதுவாக ஓட்டச் சொல்லி, அவர் இடுப்பை வளைத்து, காதை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். ரோட்டில் போகிறவர்களுக்கு நான் ஒரு ஆளைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோலத் தெரிந்தது. "ஒதிலேயண்டி பாபு, பெத்தவாரு!" என்று ஒரு கிழவி எனக்குப் புத்தி சொன்னாள், பெரியவர், விட்டுவிடு என்று. சர்க்கிள் வந்ததும் டிராஃபிக் போலீஸ்காரர் விசில் ஊதினார்.

"உஷ்!" என்றார் மேஸ்திரி, நிமிராமலேயே.

போலீஸ்காரர் பயந்து விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்தது தப்பு என்று அவருக்குப் புரிவதற்குள் நாலு பக்கமும் இருந்து வண்டிகள் நடுவில் வந்து மாட்டிக்கொண்டன. பன்னிரண்டு மாங்காய் டிராக்டர், ஒரு டவுன் பஸ். அந்த நெரிசலில் மேஸ்திரி ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். எல்லா வண்டியும் எஞ்சினை அணைத்துவிட்டன அல்லவா, அமைதி!

"பேரிங்தாம்ப்பா" என்றார். "மறுபடியும் பேரிங்தான் பூட்டுது."

மறுபடியும் புது பேரிங் போட்டார். பதினைந்தே நாளில் மறுபடியும் சத்தம். அன்று காலையில் யமுனா புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வண்டியைத் தாண்டி நடந்தாள்.

"ஏறும்மா."

"நீ வர வேணாம் நைனா. நான் நடந்தே போய்க்கிறேன்."

"மொனையில எறக்கி வுடுறேன்."

"மொனையிலியும் வேணாம்."

நான் வேலைக்குக்கூடப் போகவில்லை. நேராக மேஸ்திரியிடம் போய், "வித்துடலாம்னு இருக்கறேண்ணா" என்றேன். மகள் சொன்னதையும் சொன்னேன்.

மேஸ்திரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஆர்சி புக்கு எங்க?" என்றார். வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். முன்னால் வைத்திருந்தவர் முகவரி கார்வேட்டிநகரம் பக்கம் ஒரு கிராமம். அவருடைய பெயரைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவி! தமிழ்க்காரங்க வூட்டு வண்டிடா இது! ஆந்திரா நம்பர பாத்துட்டு நான் இத்தினி நாளும் தெலுங்குல கேட்டுகினு இருந்தேன். அது எப்பிடி பதில் சொல்லும்?"

"அண்ணா, என்னாண்ணா நீ..."

"உஷ்! பொண்ணு ஓயாம அழுவுதுன்னா பொறந்த வூட்ல போயி விசாரிக்கணும். எட்றா வண்டிய."

கடையைச் சாத்தினார். ஒரு கோணிப்பையில் சாமான்களும் புது பேரிங்கும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார். கார்வேட்டிநகரம் வரைக்கும் 'கிர்ர்ர்... டக்'. வழி நெடுக வண்டியிடம் தமிழில் சமாதானம் பேசிக்கொண்டே வந்தார்.

வண்டியை முன்னால் வைத்திருந்தவர் பூ வியாபாரி. அவர் பூ எடுக்கப் போயிருந்தார். மனைவி மட்டும் வீட்டில் இருந்தார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். மேஸ்திரி மோரைக் குடிக்கவில்லை. சாமி மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இவ்வளவு பக்தி உண்டா என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

"யம்மா, அந்த ஊதுவத்தி ஸ்டாண்டு எங்க வாங்கனது?"

பார்த்தேன். மாடத்தில் ஒரு விரல் நீள இரும்புக் குழாய். விபூதி பூசி, பொட்டு வைத்து, நாலு ஊதுவத்தி சொருகி வைத்திருந்தது.

"வாங்கலண்ணா. பேரிங் மாத்தறன்னு ஒரு மெக்கானிக்கு வந்து சக்கரத்த நம்ம வாசல்லதான் கழட்டனாரு. மறுநாளு பெருக்க சொல்ல கெடச்சிது. நல்லா கனமா இருந்திச்சி, சாமிக்கு வெச்சிட்டேன்."

மேஸ்திரி எழுந்து வாசலுக்குப் போய், மடமடவென்று சக்கரத்தைக் கழற்றினார். பேரிங்கைத் தட்டி எடுத்தார். உள்ளேயிருந்து இன்னொரு குழாய் வந்தது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இடைவெளி குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு குழாய் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் இருந்தது நிஜக் குழாய் இல்லை. நிஜத்தைத் தொலைத்த மெக்கானிக் ஏதோ ஒரு பைப்பை வெட்டி உள்ளே போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

மாடத்துக் குழாயையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். இது அரை நூல் குட்டை. நூல் என்றால் ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் பாதி! அவ்வளவுதான் குறை. ஆனால் ஒவ்வொரு முறையும் நட்டை முறுக்க முறுக்க, அந்த இடைவெளியில் பேரிங் நசுங்கி, குண்டுகள் உருள முடியாமல் அரைபட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன.

"இத்த நான் எடுத்துக்கறம்மா" என்றார் மேஸ்திரி.

"ஐயய்யோ, குடுக்க மாட்டேன்!" அந்த அம்மா மாடத்துக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "அது வந்தப்பறம்தான் எம்புள்ளைக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில வேல கெடச்சிது. அத்த எடுத்தா வேல பூடும்."

"கடையில புதுசு வாங்கிக்கலாம்ணா" என்றேன் நான்.

"உஷ்! பழைய மாடலு. ஒரு மாசம் அலையணும். அதுவரைக்கும் அந்தப் பாப்பா நடக்குமா?" என்றவர், குட்டைக் குழாயைத் தன் சட்டையில் பளபளவென்று துடைத்து அந்த அம்மாவிடம் நீட்டினார். "இதும் அதே வண்டியில இருந்ததுதாம்மா. இத்தினி வருசம் உள்ள இருந்து ஒழச்சிருக்குது. இத்த வெச்சிக்க."

"இது குட்டையா இருக்குதே."

"அரை நூலு கொறஞ்சா சாமி கோவிச்சிக்காது. பேரிங்கு கோவிச்சிக்கும்."

அந்த அம்மா யோசித்தார். பிறகு கற்பூரம் ஏற்றி, சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவரே மாற்றிக் கொடுத்தார். விபூதியும் பொட்டுமாக அந்தக் குழாய் சக்கரத்துக்குள் போனது.

திரும்பி வரும்போது வண்டியில் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பெனுமூர் தாண்டியதும் மேஸ்திரி என் தோளில் கை வைத்தார்.

"ரெண்டு தபா கழட்டனேன். ரெண்டு தபாவும் அந்தக் குட்டைய நாந்தான எடுத்து உள்ள போட்டேன். காதால கேட்டுகினே இருந்தேன், கண்ணால பாக்கல. வூட்ல பாப்பா கேட்டா, மாமா மேலதான் தப்புன்னு சொல்லு."

நான் வீட்டில் அப்படியே சொன்னேன். யமுனா மறுநாள் காலையில் வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். தெருமுனை வந்தது. முதுகில் கை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வாசல் வரைக்கும் போனோம். இறங்கினாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைவிட என்ன வேண்டும்? நாலு எட்டு நடந்தவள் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சாயங்காலமும் இங்கியே வந்து நில்லு நைனா!" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை போர்டுக்குப் பின்னால் உஷ் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். கடை திறக்க வேண்டிய நேரம். குளித்து, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். யமுனா உள்ளே போகும் வரைக்கும் பார்த்துவிட்டு, நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சந்து வழியாக வேகமாக நடந்து போனார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கட்டாயம் ஏதாவது திட்டியிருப்பார், அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் நான் பள்ளிக்கூட வாசலிலேயே அழுதிருப்பேன்.