சூரியனை அடுப்பில் போட்டவள்

ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் புவனாவுக்குக் கொட்டகலையில் ஒரு பாலர் பள்ளியில் வேலை கிடைக்கும் போல இருந்தது. கிடைத்தால் அவள் மழையில் மலையேறிக் கொழுந்து எடுக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஒரே சத்தமும் வேறு வேறு அர்த்தமும் உள்ள இங்கிலீஷ் சொற்களுக்காக, பிஸ்கட் பெட்டியை வெட்டிப் படம் வரைந்தாள். பூவும் ப்ளவராம், கோதுமை மாவும் ப்ளவராம். மகனும் சன், சூரியனும் சன்.

"இந்த ரெண்டு ரெண்டா வர்றதுதான் அத்தை புள்ளைங்கள குழப்புது" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போனாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நிறுக்கும் முன் முத்தல் இலையைப் பொறுக்கி எறியாவிட்டால் கணக்கப்பிள்ளை ஏசுவார். நாற்பது வருஷப் பழக்கம். அவளுக்கும் ஏச்சு விழக் கூடாதே என்று சோடிக்கு ஒன்றைக் கழித்தேன். கோதுமை மா, ரொட்டிக்கு ஆகும், வைத்தேன். பூ போயிற்று. மகன் படம் என் மகனைப் போலவே இருந்தது, வைத்தேன். சூரியன் அடுப்புக்குள். (எங்கள் பக்கம் அது வருவதே அபூர்வம்!) மிச்சத்தை அழகாகக் கட்டிப் பையில் வைத்தேன். மெச்சுவாள் என்று நினைப்பு.

மறுநாள் தனியாகப் போகப் பயந்தாள் என்று நானும் கூடப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். புவனா மாவைக் காட்டினாள். பூவைத் தேடினாள். பையைக் கவிழ்த்தாள். பாடத்தைப் பார்க்க உட்கார்ந்திருந்த பெரிய டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அத்தை, மத்ததெல்லாம் எங்க?"

"குழப்புதுன்னு சொன்னியே புள்ள... அடுப்புல போட்டுட்டேன்."

பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். புவனாவின் கண் நிறைந்துவிட்டது. எனக்குப் பூமி பிளந்தால் தேவலை.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையில் இருந்த பூவை எடுத்தாள். "இதுவும் ப்ளவர்!" அடுத்து என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"கைய நல்லா விரிங்க அத்தை. நீங்கதான் சூரியன்."

யாராவது நிமிர்ந்து பார்த்தாலே முந்தானைக்குள் ஒளிகிறவள், அத்தனை பிள்ளைகள் முன்னால் கையை விரித்து நின்றேன். "சன்! சன்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். பெரிய டீச்சர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். வேலை கிடைத்தது.

இன்றைக்கும் கடைத்தெருவில் ஒரு பொடிசு, "அம்மா, சூரியன் கருவாடு வாங்குது!" என்று கத்தும். என் மகனோ காலையில் "சூரியன் எழும்பிருச்சா?" என்று கேட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறான்.

எத்தனை அட்டை எரிந்தது என்று நினைவில்லை, புவனாவிடம் கேட்டுச் சரிபாருங்கள். அன்று முதலில் அழுதது அத்தைதான் என்பாள். நம்ப வேண்டாம். பெரிய டீச்சரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.