நாலு நிமிஷப் பெரியவள்

"ரெட்டைப் பிள்ளைங்க, மேடம்."

வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான், தான் பேசிவிட்டோம் என்பதே லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரிந்தது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம், கோடை முகாமின் பொறுப்பாளர் அம்மா நெற்றிமேல் ஏற்றியிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். மகள் கழுத்து வரைக்கும் தெரிந்தாள். மகனின் தலைமுடி மட்டும் தெரிந்தது.

"ரெட்டையா?"

"ரெட்டைதான் மேடம். ரெண்டு பேருக்கும் அஞ்சரை வயசு."

பொய் சொல்வதென்று திட்டம் போட்டு வந்த மனிதர் இல்லை அவர். 'ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் மட்டும்' என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புதான் அவரைச் சொல்ல வைத்தது. மகளுக்கு ஏழரை. மகனுக்கு நாலு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஐந்தே முக்கால் வருகிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவர் கால் வயசுதான் குறைத்துச் சொன்னார்.

வேறு வழியும் இல்லை. நீச்சல் முகாமில் எட்டு வயது முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். மழலைக் காப்பகத்தில் மூன்றுக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள். ஓவிய முகாம் ஒன்று இருவரையும் இரு கை நீட்டி வரவேற்றது. ஆனால் பதினோரு மணிக்கே வந்து கூட்டிப் போகச் சொன்னது. பதினோரு மணிக்கு வேலை முடிந்து வரும் பெற்றோர் எந்த ஊரில் இருக்கிறார்களோ தெரியவில்லை. "நான் இருக்கேன் மாமா" என்று மார்தட்டிய மச்சான் அரை நாள் பிள்ளைகளோடு இருந்து பார்த்தான். அன்றிலிருந்து அவன் போன் அணைந்தே கிடக்கிறது.

கடைசியில் பிள்ளைகளை வேலைக்கே அழைத்துப் போனார். மகன் ஒரு பெரிய கட்டடத்தின் லிஃப்டில் எட்டிய பொத்தானையெல்லாம் அமுக்கினான். எட்டாததை அக்கா அமுக்கிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் பொறுமைசாலிதான், ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "இன்னொரு தடவை இதுங்களைக் கூட்டிட்டு வந்தா, நீயும் இதுங்களோடயே வீட்டுல இருந்துக்கோ."

மனைவியை லீவு போடச் சொல்லலாம்தான். ஆனால் எட்டு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, இப்போதுதான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் ஒரு நாள் லீவு கேட்டாலும் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று சேரும்போதே சொல்லிவிட்டார்கள். காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்போது அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுப்பாள். கல்யாணமான புதிதில் கேட்ட முணுமுணுப்பு அது. அது திரும்ப நின்றுபோவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ரெட்டையில யாரு மூத்தது?" என்று கேட்டார் பொறுப்பாளர் அம்மா.

"இவதான் மேடம். நாலு நிமிஷம் மூத்தவ."

மூன்றரை வருஷத்தை நாலு நிமிஷமாகச் சுருக்கிய கையோடு கையெழுத்தையும் போட்டார். வெளியே வந்ததும் மகள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"எனக்கு அஞ்சரையா?"

"கொஞ்ச நாளைக்கு மட்டும்டா கண்ணு."

"முன்பல்லு ரெண்டும் விழுந்து முளைச்சே ஆச்சு. மூணாங்கிளாஸ் போகப்போறேன். குட்டிப் பசங்களோட உக்காந்து களிமண்ணு உருட்டணுமா?"

"அம்மா வேலைக்குப் போகணும்ல?"

அவள் யோசித்தாள். "சரி. ஆனா தினம் அரை மணி நேரம் உங்க போன் எனக்கு."

பாதி வழியில் அது ஒரு மணி நேரமாக ஏறியது. வீட்டு வாசலில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டும் சேர்ந்துகொண்டது. வழிப்பறிக்காரன்கூட இவ்வளவு நிதானமாகக் கேட்க மாட்டான்.

மறுநாள் அவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கை முழுக்க கிரீஸோடு நிற்கும்போது போன் அடித்தது.

"சார், முகாம்லேர்ந்து பேசறேன். உங்க பொண்ணு பன்னண்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழா ஒப்பிக்கறா சார். அஞ்சரை வயசுல! கதைப் புத்தகத்தை எடுத்து மத்த பசங்களுக்கு வாசிச்சுக் காட்டறா."

"அப்படியா மேடம்?" என்று அசடு வழிந்தார்.

"ஆனா பையன்..." குரல் தணிந்தது. "பேரு எழுத வரல. பென்சிலையே சரியாப் பிடிக்கத் தெரியல. மத்தியானம் சாப்பிட்டதும் அப்படியே தூங்கிடறான். ரெட்டையில ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படின்னா கவனிக்கணும் சார். எங்க ஆலோசகரைப் பாக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் மேடம்! நாங்க வீட்டுல பாத்துக்கறோம்."

சாயங்காலம் மகனை மடியில் உட்கார்த்தி எழுதப் பழக்கினார். எட்டு மாடி ஏறிப்போய் மோட்டார் மாற்றியவருக்கு அது அதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. பையன் ஒரு கோடு போட்டான். அதற்கு வால் வைத்தான். "இது நாய்க்குட்டி" என்றான். பிறகு மடியிலேயே தூங்கிப்போனான். அவனுக்கு என்ன குறை? நாலு வயசுப் பிள்ளை நாலு வயசுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தான். அவனை இப்படி ஒரு பேச்சுக்கு ஆளாக்கிவிட்டோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

தம்பியை உயர்த்த முடியாது. அக்காவைத் தாழ்த்திவிடலாம் என்று முடிவு செய்தார்.

"கண்ணு, நாளைக்கு முகாம்ல கொஞ்சம் முட்டாளா இருக்கியா?"

"எவ்வளவு முட்டாளா?"

"கொஞ்சமா. அளவா."

குழந்தைகளுக்கு அளவு தெரியுமா என்ன? மறுநாள் போன் வந்தபோது அவர் இருபது பேர் காத்திருக்கும் ஒரு லிஃப்டைத் திறந்து போட்டிருந்தார்.

"சார், வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"ஏன் மேடம்?"

"நேத்து வாய்ப்பாடு சொன்ன பொண்ணு, இன்னிக்கு மூணும் ரெண்டும் எத்தனைன்னா 'ஆரஞ்சு'ங்கறா. பேரு கேட்டா பேந்தப் பேந்த முழிக்கறா. சுவரைப் பாத்து உக்காந்து வாயைத் திறந்து திறந்து மூடறா. பசங்க பயப்படறாங்க சார்."

"தூக்கக் கலக்கமா இருக்கும் மேடம்..."

"பையன் வேற என்னென்னவோ சொல்றான். வயித்துக்குள்ள நாலு நிமிஷம் தனியா இருந்தானாம். அக்கா கிளம்பினதும் தாராளமா இடம் கிடைச்சுதாம். லைட் மட்டும் இல்லியாம். ஆலோசகர் அம்மா இதையெல்லாம் கேட்டுட்டு, பெத்தவங்க ரெண்டு பேரையும் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. ரெண்டு பேரும் வந்தே ஆகணும் சார். இனி எதுவும் என் கையில இல்ல."

அவர் போனை வைத்தார். லிஃப்டுக்கு வெளியே யாரோ "எவ்வளவு நேரம்பா ஆகும்?" என்று கத்தினார்கள். அவருக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

மனைவியிடம் மறைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. அவள் வந்து, அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்து, தண்ணீர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். ரெட்டையில் ஆரம்பித்து ஆரஞ்சு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் அவள் ஒருமுறை சிரித்தாள். வெள்ளிக்கிழமை என்றதும் சிரிப்பு நின்றது.

"பதினோரு மணிக்கா?"

"ஆமா."

"லீவு கேட்டேன்னா, அதோட முடிஞ்சுது."

"தெரியும்."

அவள் அட்டையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "போகட்டும் விடுங்க. எட்டு வருஷம் இருந்தாச்சு. இவனும் பள்ளிக்கூடம் போற வரைக்கும் இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் இருந்துட்டா என்ன குறைஞ்சுடப் போகுது?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். அழுதிருந்தால்கூட அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். அந்தச் சாதாரணம்தான் அவரை என்னவோ செய்தது.

"நீ வேலைக்குப் போ. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா ரெண்டையும் வெளியே அனுப்பிடுவாங்களே?"

"அனுப்பினா நான் வீட்டுல இருக்கேன்."

"சூப்பர்வைசர்?"

"அவர்தான் ஏற்கெனவே வீட்டுல இருக்கச் சொல்லிட்டாரே."

அவள் எழுந்துபோய்ச் சாப்பாடு எடுத்து வந்து பரிமாறினாள். "உங்களுக்குப் பொய்யும் சரியா வரல, கோபமும் சரியா வரல" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சாப்பாடு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வாசலில் குழந்தைகளின் பைகளை வாங்கி மாட்டும் ஆயா, "என்ன சார், மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அறைக்குள் பொறுப்பாளர் அம்மா தனியாகத்தான் இருந்தார். ஆலோசகர் வந்துகொண்டே இருக்கிறாராம்.

"உங்க மிஸஸ் வரலையா?"

"மேடம், முதல்ல நான் சொல்றதைக் கேட்டுடுங்க. அதுங்க ரெட்டை இல்ல. பொண்ணுக்கு ஏழரை, பையனுக்கு நாலு. பொண்ணு மேதையும் இல்ல, முட்டாளும் இல்ல. பையனுக்கு ஒரு குறையும் இல்ல. தப்பு முழுக்க என்னுது. எங்கயும் இடம் கிடைக்கல. என் மனைவி இத்தனை வருஷம் கழிச்சு ஒரு வேலைக்குப் போயிருக்கா. பிள்ளைங்களைத் திட்டாதீங்க மேடம். நான் இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டுத் தரையைப் பார்த்தார். திட்டு வருமென்று காத்திருந்தார். வரவில்லை. நிமிர்ந்தபோது பொறுப்பாளர் அம்மா கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"மனைவிகிட்ட மட்டும்தான்."

"இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும் நீங்க சொல்லல. என் காதுல எதுவும் விழல."

"மேடம்?"

"ஆலோசகர்கிட்ட நான் பேசிக்கறேன். திங்கக்கிழமை ரெண்டு பேரையும் வழக்கம் போல அனுப்புங்க. பொண்ணை மட்டும் நடுத்தரமா இருக்கச் சொல்லுங்க. வாய்ப்பாடும் வேண்டாம், ஆரஞ்சும் வேண்டாம்."

இத்தனை வாரமாக அவர் ஏறி இறங்கிய வாசல்களில் எல்லாம் வயது கேட்டார்களே தவிர, கஷ்டம் என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லை. இந்த அம்மாள் கேட்காமலே புரிந்துகொண்டுவிட்டார். மெக்கானிக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"என்ன சார், கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?" என்றாள் ஆயா.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லி இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் அவரால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "உங்க மேடத்துக்கு எவ்வளவு பெரிய மனசு ஆயாம்மா! அடுத்தவங்க கஷ்டம் எப்படித்தான் அவங்களுக்குப் புரிஞ்சுதோ!" என்றார்.

ஆயா அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மைதானத்துப் பக்கம் மோவாயை நீட்டினாள்.

"அதோ, விரல் சூப்பிக்கிட்டு ஊஞ்சல்ல உக்காந்திருக்கு பாருங்க ஒண்ணு, பக்கத்துல முறை கேட்டு அழுதுக்கிட்டு ஒண்ணு, பின்னால நெடுநெடுன்னு நின்னு ஊஞ்சலைத் தள்ளுறானே அவன் ஒருத்தன்... மூணும் மேடம் பெத்த பிள்ளைங்கதான் சார். மூணுக்கும் அஞ்சரை வயசு, ஒரே பிரசவம்."