கடைசி வீட்டு மூலை

சமையல் கேஸ் தோம்பு இறக்க வந்த லோரி பின்வாங்கும்போது தங்கராஜு வீட்டு வெளிமூலையில் இடித்து, இடுப்பு உயரத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சைப் பெயர்த்துவிட்டுப் போனது. அசாம் ஜாவாவில் புதிதாக எழும்பிய பத்து வரிசை வீடுகளில் அவருடையது கடைசி. ரோட்டில் போகிறவர் கண்ணில் அந்த மூலைதான் முதலில் படும்.

"அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கெழம வந்து பூசிடுறேன்னாரு," என்றாள் அவர் மனைவி ரமணி.

தங்கராஜுவுக்கு ஆகாதது அதுதான். ரமணியின் அண்ணன் சன்னாசி கொத்தனார். இந்தப் பத்து வீட்டையும் பூசியவரே அவர்தான். வருகிறபோதெல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்து, தானே வீட்டுக்காரர் மாதிரி பேசுவார். தங்கராஜு எண்ணெய்ப்பனை ஆலையில் எடைக் கிராணி. பதினெட்டு வருஷமாக லோரி லோரியாகக் குலைகளை எடை போட்டவருக்குக் கண் சொல்வதில் நம்பிக்கை கிடையாது. முள் சொல்ல வேண்டும்.

ஆகவே அவர் ஹபீபுல்லா சாப்பாட்டுக் கடைக்குப் போய், கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய ரசமட்டத்தை இரவல் கேட்டார். கை நீள மரச்சட்டம். படுக்க வைத்துப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய், நிறுத்திப் பார்க்க ஒன்று, ஒவ்வொன்றிலும் ஒரு குமிழி. குமிழி நடுக்கோட்டில் நின்றால் சரி, ஓரத்துக்கு ஓடினால் கோணல்.

"வெள்ளக்காரன் சாமான். பத்திரம்லா," என்று சொல்லி ஹபீபுல்லா எடுத்துக் கொடுத்தார்.

தங்கராஜு வேலையை முறைப்படிதான் தொடங்கினார். மூலையின் ஒரு பக்கம் நேரான பலகையை நிறுத்தி ஆணியடித்து, அதை ஒட்டி மறுபக்கம் பூசி, இறுகியதும் பலகையைப் பூசிய பக்கத்துக்கு மாற்றி மிச்சத்தையும் பூசினார். ஒட்டு நன்றாகவே அமைந்தது. ஆனால் ரசமட்டத்தைப் பழைய விளிம்பில் வைத்ததும் குமிழி ஓரத்துக்கு ஓடியது. கோணல் மூலையில் நேரான ஒட்டு எப்படி நிற்கும்? தரையிலிருந்து கூரைவரை மூலை முழுவதையும் கொத்தி எடுத்தார்.

இரண்டு நாளில் புது மூலை எழுந்தது. விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. பூச்சு மட்டும் மேலே ஒரு விரல் கனம், கீழே மூன்று விரல் கனம். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. இப்போது பக்கத்து ஜன்னல் சாய்ந்து தெரிந்தது. அதில் வைத்துப் பார்த்தார். ஓடியது. வாசல் நிலையில் வைத்தார். அங்கேயும் ஓடியது.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நல்லம்மாள், தன் வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடச் சொன்னாள். அதுவும் சாய்வு. அடுத்தது முருகையா வீடு. பொழுது சாய்வதற்குள் பத்து வீட்டையும் பார்த்து முடித்தார். பத்தும் ஒரே பக்கம், ஒரே அளவு.

"ஒரே கொத்தனாரு, ஒரே கோணலு," என்று தீர்ப்புச் சொன்னார் தங்கராஜு.

அன்றிலிருந்து வரிசையில் நிம்மதி போயிற்று. நல்லம்மாள் டெலிவிஷனைச் சுவரோரத்திலிருந்து நகர்த்திக் கட்டில்மேல் வைத்துவிட்டு, தான் தரையில் படுத்தாள். முருகையா சுங்கை செம்பிலாங் போய்ப் பதினாலு பாக்காவ் மரக் கம்பு வாங்கி வந்து சுவருக்கு முட்டுக் கொடுத்தார். முட்டுக் கொடுத்த இடத்தில் சுவர் விரிசல் விட்டது. சாய்வுக்கு அதுவே அத்தாட்சியாயிற்று.

தங்கராஜு ஆலையின் டைப்ரைட்டரில், 'பொருள்: பத்து வீடுகள் சாய்தல்' என்று தொடங்கி, ஒன்பது பத்தியில், எண் போட்டு, வீடு கட்டிய கம்பெனிக்கு மனு அடித்தார். எல்லாரும் ஹபீபுல்லா கடையில் கூடிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கடை மேசைகளில் எதை வைத்தாலும் வழுக்கும். தேத்தண்ணிக் கிளாஸை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசுவது ஊர்ப் பழக்கம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பேனா உருண்டு கீழே விழுந்தது. பத்தாவது தடவையும் குனிந்து எடுத்த தங்கராஜு, "பாத்தீங்களா? எவனோ கண்ணால அளந்து மேசைக் கால அறுத்திருக்கான். நம்ம ஆளுங்க வேல எல்லாம் இப்படித்தான்லா," என்று சலித்துக்கொண்டார்.

மனு வேலை செய்தது. அடுத்து எழும்ப இருந்த இருபது வீடு சன்னாசிக்கு என்று பேச்சு. ஆறு ஆட்களைக்கூட அவர் சேர்த்து வைத்திருந்தார். எஞ்சினியர் வந்து பார்க்கும்வரை சுவரில் கை வைக்கக்கூடாது, சாய்வு உண்மையானால் அந்த வேலை வேறு ஆளுக்கு என்று கம்பெனி சொல்லிவிட்டது. செய்தி வந்த அன்று ரமணி சோற்றுத் தட்டை வைத்த சத்தம் நல்லம்மாள் வீட்டுக்குக் கேட்டது.

"எங்க அண்ணன் பொழப்புல கை வச்சிட்டீங்க," என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

சன்னாசியே ஒருநாள் வந்தார். சண்டை போடவில்லை. கூரையிலிருந்து நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டார். பழைய சுவரோரம் நூல் மேலிருந்து கீழ்வரை தீக்குச்சி கனம் தள்ளியே நின்றது. புது மூலையோரம் மேலே விலகி, கீழே சுவரில் தட்டியது.

"வீடு நேராத்தான் நிக்குது மாப்பிள்ள. நீங்க பூசுன மூலதான் சாயுது."

"நூலு காத்துல ஆடும் மச்சான். இங்க கடல்காத்து வேற. குமிழி கண்ணாடிக்குள்ள இருக்கு. அதுக்கு ஏது காத்து?"

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சன்னாசி நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு எஞ்சினியர் கார் வந்து நின்றது. பத்து வீட்டு ஆட்களும் ரோட்டில் நின்றார்கள். சன்னாசி தள்ளி ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கராஜு முழுக்கைச் சட்டையில், மனுவின் நகல் ஒரு கையிலும் ரசமட்டம் மறுகையிலுமாக முன்னால் வந்து, பத்தி எண் ஒன்றிலிருந்து விளக்கத் தொடங்கினார்.

மூன்றாவது பத்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹபீபுல்லா கடையில் தேத்தண்ணி கலக்கும் சேக் பரீது.

"அண்ணே, மொதலாளி அந்த ரசமட்டத்த வாங்கிட்டு வரச் சொன்னாரு. கடைக்குப் புதுசா நாலு மேச வந்திருக்கு."

"இரு பரீது. பத்துக் குடும்பம் தப்பிச்சதே இதாலதான். மேசைக்கு எதுக்கு இது?"

"எதுக்கா?" என்றார் சேக் பரீது. "கடையில இருக்கிற மேச அத்தனைக்கும் இத வச்சுத்தானேண்ணே காலு அறுத்தோம்."