சி போட்ட கல்

"இங்க இருந்த கல்லு எங்கய்யா?"

பளிங்குக் கிடங்கில் தரம் பிரிப்பவர் கேட்டதும் கிரேன்காரர் காது குடைவதை நிறுத்தினார்.

"எதுண்ணே?"

"வெள்ளைப் பளிங்கு. சிற்பிக்குன்னு ஆறு மாசமா எடுத்து வெச்சது. மேல எழுதிகூடப் போட்டிருந்தேனே!"

"'சி'ன்னு எழுதியிருந்ததா? அது காலையிலயே போயிடுச்சு. யாரோ பாத்ரூம் தரைக்கு சி தரம் கேட்டாங்க."

"யோவ், அது சி இல்லய்யா, சி! சிலைக்குன்னு சி!"

"நானும் அதைத்தானே சொல்றேன். சி."

அந்தக் கிடங்கில் பளிங்குக்கு நான்கு தரம். ஏ என்றால் குற்றம் குறை இல்லாதது. பி என்றால் சின்னக் குறை. சி என்றால் விரிசலில் பசை ஊற்றி ஒப்பேற்றியது. டி பார்க்க அழகாக இருக்கும், அத்தோடு சரி. இருபது வருடமாக ஒழுங்காக எழுதிவந்த மனிதர், இந்த ஒரு கல்லில் மட்டும் சுருக்கி எழுதித் தொலைத்திருந்தார்.

முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்: "பதினோரு மணிக்கு சிற்பி வர்றார். கல்லு அவர் கைக்குப் போகலைன்னா, நாளையிலேர்ந்து நீங்க வீட்லயே இருக்கலாம்."

இப்போது மணி பத்து. தரம் பிரிப்பவர், கல்லை வாங்கிப் போனவருக்குப் போன் போட்டார்.

"அறுத்தாச்சு சார். பன்னெண்டு துண்டு. நல்லா வழுக்குது."

வேறு வழியில்லாமல் அதே அளவில் ஒரு நிஜ சி கல்லைத் தேடிப்பிடித்தார். விரிசலில் பளிங்குத் தூளையும் பசையையும் குழைத்து அப்பினார். ஈரத்துணியால் துடைத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுத்தியலால் தட்டினார்.

டொக்.

நல்ல கல் கணீரென்று பேசும். இது உண்மையைப் பேசியது.

"நான் பின்னால ஒளிஞ்சுக்கறேண்ணே. அவர் கல்லைத் தட்டும்போது நான் இந்த இரும்புக் கம்பியைத் தட்டறேன்" என்றார் கிரேன்காரர்.

"கேக்கவே கேவலமா இருக்கு."

"அப்ப வேணாமா?"

"பலமாத் தட்டு."

பதினோரு மணிக்குச் சிற்பி மருமகளோடு வந்தார். "வாங்கய்யா" என்றதற்குப் பதில் இல்லை. பெரிய மனிதர். நேராகப் போய்க் கல்லைத் தட்டினார்.

கணீர்.

இரண்டாவது அடிக்கு ஓசை சற்றுத் தாமதமாக வந்தது. மூன்றாவது அடிக்குச் சுத்தியல் கல்லைத் தொடுமுன்பே வந்துவிட்டது. சிற்பி நிமிர்ந்து தரம் பிரிப்பவரைப் பார்த்தார். தரம் பிரிப்பவர் சிரித்துவைத்தார். நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியது.

நான்காவது அடிக்கு மூன்று கணீர்.

"எதிரொலிங்க" என்றார் தரம் பிரிப்பவர்.

ஐந்தாவது அடி விரிசலின் மேலேயே விழுந்தது. கிரேன்காரருக்குக் கை படிந்துவிட்டது போலும், இம்மியும் பிசகவில்லை. கிடங்கே அதிர்ந்தது. சிற்பி மறுபடி நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சுத்தியலைப் பைக்குள் போட்டார்.

"உள்ள விரிசல் இருக்கு. வேணாம்."

விறுவிறுவென்று காரைப் பார்த்து நடந்தார். தரம் பிரிப்பவர் மருமகளை மறித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது நியாயமா? என் வேலையே போயிடும்மா! மணியடிச்ச மாதிரி கேட்டுச்சே, உங்க மாமனார் காதுல விழலையா?"

"விழாதுங்க. அவருக்குக் காது போய் எட்டு வருஷமாச்சு. கல்லைத் தட்டிட்டு, விக்கிறவங்க மூஞ்சியைத்தான் பாப்பாரு."