மூன்று நிமிடப் பாட்டில் நாலு வருஷம்

மதிப்பிற்குரிய சினிமாப் பகுதி ஆசிரியர் அவர்களுக்கு, முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற வாசகன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். தங்கள் கட்டடத்து லிஃப்டும் நலமாக ஓட வேண்டும்.

கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்கும் பெண்ணைப் பற்றிய படத்தை ‘நிஜ வாழ்க்கை’ என்று பாராட்டியிருந்தீர்கள். என் மகளும் அப்படி ஒரு கம்பெனி நடத்துகிறாள், அதனால் கேட்கிறேன், எது சார் நிஜம்? படத்தில் அந்தப் பெண் ஒரே பாட்டுக்குள் கம்பெனி ஆரம்பித்து, தோற்று, ஜெயித்து, முப்பதாவது மாடியில் போய் நின்றுவிடுகிறாள். மூன்று நிமிடம். என் மகள் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது, எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு இன்னும் முடியவில்லை. போன் பண்ணினால் “அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேம்பா” என்பாள். முகத்தைப் பார்த்தே எட்டு மாதமாகிறது. அவள் எப்படி இருப்பாள் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் படத்துக்கே போனேன்.

அதில் அப்பா வாசலில் நிற்கிறார், காவலாளி தடுக்கிறார், மகள் மேலிருந்து பார்த்துவிட்டுப் படியிறங்கி ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அழுதுவிட்டேன், பொய் சொல்வானேன். மறுநாளே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். போனால், தடுக்க அங்கே காவலாளியே இல்லை. சலவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்ததா, அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண், “லிஃப்டுக்கு மூணு நாளா சொல்லிட்டிருக்கோம், இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்று என்னைப் பொத்தான் பலகை முன்னால் நிறுத்திவிட்டாள். நான் யாரென்று சொல்ல வாய் திறப்பதற்குள் கை பலகையைக் கழற்றிவிட்டது.

அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் மகள் போனில் பேசிக்கொண்டே வந்தாள். படத்தில் பணம் போடுகிற முதலாளி கறுப்புக் கோட்டும் மதுக் கோப்பையுமாகக் கடகடவென்று சிரிக்கிறார். இவளுடைய முதலாளி, ஸ்பீக்கரில் கேட்டது, “சாப்டியாம்மா?” என்று விசாரித்தார். நான் கேட்க வந்த கேள்வி சார் அது. அதே குரலில், “வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரை வேலையிலேர்ந்து நிறுத்திடு, அவசரமில்ல” என்றார். படத்தில் அந்தப் பெண் அதற்கு விரலைச் சொடுக்கி ஒரு வசனம் பேசுகிறாள், தியேட்டரே கைதட்டுகிறது. என் மகள் “சரிங்க சார்” என்றாள், அவ்வளவுதான். பிறகு என் முதுகைப் பார்த்து, “அண்ணே, முடிஞ்சதும் அங்க கையெழுத்து வாங்கிட்டுப் போங்க” என்றாள். அந்த நேரத்தில் திரும்பி அப்பாவாக நிற்க எனக்கு மனசு வரவில்லை. குரலை மாற்றி “சரிம்மா” என்று சொல்லிவிட்டு, பலகையின் நாலு திருகையும் என் வழக்கப்படி தலையிலுள்ள வெட்டுக்கோடு செங்குத்தாக நிற்கும்படி முடுக்கிவிட்டுப் போய் பஸ் ஏறிவிட்டேன்.

ஆகவே அந்த வாசல் காட்சி முழுப் பொய், பெற்றவர்களை ஏமாற்றுகிற வேலை என்று தங்கள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் போட வேண்டும். தாங்கள் பிள்ளைகுட்டிகளோடு, அவர்கள் கண்ணெதிரிலேயே இருக்க, நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் கூப்பிட்டாள். “நம்ம வீட்டு ஸ்விட்ச் பலகைலதாம்பா நாலு திருகும் இப்படி நிக்கும்” என்றாள். லிஃப்ட் பலகையைப் பார்த்த உடனே செருப்புகூடப் போடாமல் இரண்டு மாடியும் படியிலேயே ஓடிவந்தாளாம், நான் சரிபண்ணிய லிஃப்டை விட்டுவிட்டு. தெருமுனைக்கு வருவதற்குள் பஸ் போய்விட்டதாம். எனவே மேலே எழுதியது எதையும் போட வேண்டாம். அந்தக் காட்சியில் பொய் இல்லை சார். படத்து அப்பா நின்றார், நான் நிற்கவில்லை.